போனும் கையுமாகப் போகும் செமஸ்டர்: அரியர் வைத்திருக்கும் ஒரு மாணவருக்குப் பதில்

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு ஈஈஈ (மின்னியல், மின்னணுவியல்) படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. ஹாஸ்டலில் ஒரு அறையில் நான்கு பேர். முதல் ஆண்டில் மேட்ரிசஸ், சர்க்யூட் அனாலிசிஸ் இரண்டிலும் அரியர் விழுந்துவிட்டது. வகுப்பில் பத்து நிமிடம் கவனிப்பேன், அதற்குள் கை தானாகப் போனுக்குப் போய்விடும். நாளுக்கு ஏழு மணி நேரம், 140 தடவை அன்லாக் என்று போனே காட்டுகிறது. இன்ஸ்டாகிராமை எத்தனையோ முறை அழித்தேன். இரண்டு நாளில் திரும்பப் போட்டுவிடுகிறேன். ‘பட்டன் போன் வாங்கித் தர்றேன், அதைக் குடுத்துடு’ என்கிறார் அம்மா. ஆனால் நோட்ஸ், கிளாஸ் குரூப், ஜிபே எல்லாமே அதில்தான் இருக்கின்றன. இது போதையா? இனி என்னால் படிக்க முடியுமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் இருக்கிற இரண்டு எண்களை ஒன்றோடொன்று வகுத்துப் பாருங்கள். ஏழு மணி நேரம் என்றால் 420 நிமிடம். அதில் 140 தடவை திறந்திருக்கிறீர்கள். ஒரு தடவைக்குச் சராசரியாக மூன்று நிமிடம். விழித்திருக்கும் 16 மணி நேரத்துக்கு 140 தடவை என்றால் ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை. உண்மையில் இப்படிச் சீராக நடக்காது. இரவில் ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் போயிருக்கும், பகலில் பத்து நொடி எட்டிப் பார்த்ததும் கணக்கில் சேர்ந்திருக்கும். ஆனாலும் உங்கள் படிப்பைக் கெடுப்பது எது என்பதை ஏழு மணி நேரம் என்ற எண்ணைவிட 140 என்ற எண்தான் சரியாகச் சொல்கிறது. படிக்க நேரமில்லாதவராக நீங்கள் எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் இருக்கும் நேரம் முழுவதும் துண்டு துண்டாகிக் கிடக்கிறது.

போதையா என்று கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 11-ம் பதிப்பில், வீடியோ கேம் அடிமைத்தனம் ஒரு கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. ‘செல்போன் அடிமைத்தனம்’ என்று தனியாக ஒரு நோய் அதில் இல்லை. அதனால் யாரும் உங்கள் மீது அந்த முத்திரையைக் குத்த வேண்டியதில்லை. நீங்களும் குத்திக்கொள்ள வேண்டாம். சிக்கல் எவ்வளவு தீவிரம் என்று பார்க்க, தென் கொரியாவில் உருவாக்கி 2013-ல் வெளியிட்ட பத்துக் கேள்வி அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். ஆண்களில் 31-க்கு மேலும் பெண்களில் 33-க்கு மேலும் போனால் கவனிக்க வேண்டிய நிலை. ஒரு முதல்கட்ட வடிகட்டலுக்கு மேல் அதற்கு மதிப்பு கிடையாது. ஒருவேளை உங்களுக்கு 40 வந்தாலும், அதற்காகச் செய்ய வேண்டியது கீழே சொல்லப்போவதேதான்.

எதனால் இது படிப்பைக் குறிப்பாகத் தாக்குகிறது என்பதை உங்கள் அரியர் பாடத்தை வைத்தே சொல்கிறேன். சர்க்யூட்டில் மூன்று லூப் உள்ள ஒரு மெஷ் கணக்கை, அதாவது மின்சுற்றின் ஒவ்வொரு வளையத்திலும் ஓடும் கரன்ட்டைக் கண்டுபிடிக்கும் கணக்கைப் போடுகிறீர்கள். மூன்று கரன்ட், ஒவ்வொன்றும் சுற்றும் திசை, இரண்டு லூப்புக்குப் பொதுவான ரெசிஸ்டரில் எதிலிருந்து எதைக் கழிப்பது, சோர்ஸின் சைன் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்தால்தான் சமன்பாடு சரியாக வரும். மனித மூளையின் இந்தத் தற்காலிகப் பலகையில் ஏறக்குறைய நான்கு விஷயங்கள்தான் நிற்கும். இரண்டாவது லூப்பை எழுதும்போது போன் அதிர்கிறது. எடுக்கக்கூட வேண்டாம், யார் அனுப்பியது என்ற நினைப்பே பலகையில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அறிவிப்பு ஒலி மட்டும் கேட்டு, போனைத் தொடாமலேயே இருந்தவர்களுக்கும் கவனச் சோதனையில் தவறுகள் கூடியதை ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2015-ல் காட்டியது. உங்கள் கணக்கில் ஒரு மைனஸ் பிளஸ் ஆகிறது, விடை தப்பாக வருகிறது. அடுத்து நடப்பதுதான் உண்மையான சேதம்: ‘எனக்கு இந்தப் பாடம் வராது’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறீர்கள். அந்த எரிச்சலோடு உட்கார முடியாமல் ரீல்ஸ் பக்கம் போகிறீர்கள். அது மூன்று நிமிடத்தில் மனதை இதமாக்கிவிடுகிறது. பாடம் கசப்பு, போன் இனிப்பு என்று மூளை மறுபடி மறுபடி பாடம் படிக்கிறது, அதுவும் உங்கள் புத்தகத்தை வைத்தே.

வகுப்பிலும் இதே கதைதான். 2013-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வில், வகுப்பு நேரத்தில் போனில் செய்தி அனுப்பாமல் இருந்த மாணவர்கள், அனுப்பியவர்களைவிட 62 சதவீதம் அதிகமான தகவல்களைக் குறிப்பெடுத்திருந்தார்கள். பத்தாவது நிமிடத்தில் உங்கள் கை போனுக்குப் போகிறது என்றீர்கள். அந்தப் பத்தாவது நிமிடத்தில் வகுப்பில் என்ன நடந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெரும்பாலும் ஆசிரியர் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சொல்லியிருப்பார், உங்களுக்கு அது பிடிபட்டிருக்காது. அடுத்த வரி அந்தச் சொல்லின் மேல் நின்றிருக்கும். நூல் அறுந்த பிறகு 40 நிமிடம் புரியாத பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார யாராலும் முடியாது. தமிழ் வழியில் படித்து வந்த மாணவர்களிடம் போன் பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்காமல் தாண்டிப்போய்விடுகிறார்கள். உங்களைப் பொறுத்தவரை போன் பாதி நோய், பாதி ஒளிவிடம். ஒளிய வேண்டிய காரணத்தைச் சரிசெய்யாமல் ஒளிவிடத்தை மட்டும் இடித்தால் வேறொன்று தேடிப் போவீர்கள். இன்ஸ்டாகிராமை அழித்த இரண்டு நாளும் யூடியூப் ஷார்ட்ஸ் எவ்வளவு நேரம் ஓடியது என்று பாருங்கள், புரியும்.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். முதல் வாரம் எதையும் நிறுத்தாதீர்கள். செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியைத் திறந்தால், எத்தனை முறை அன்லாக் செய்தீர்கள், எந்தச் செயலியிலிருந்து எத்தனை அறிவிப்புகள் வந்தன என்பதெல்லாம் இருக்கும். ஐபோனில் இது ஸ்கிரீன் டைம். தினமும் இரவு மூன்று விவரங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள்: அன்லாக் எண்ணிக்கை, அதிக அறிவிப்பு அனுப்பிய இரண்டு செயலிகள், வகுப்பிலோ படிக்கும்போதோ போனை எடுத்த கணத்துக்கு முன்னால் நடந்தது. ‘புரியல’, ‘போர்’, ‘ரூம்ல சத்தம்’, ‘அவன் மெசேஜ் போட்டான்’ என்று ஒரு சொல் போதும். ஏழு நாள் பட்டியலில் ‘புரியல’ எத்தனை முறை வருகிறது என்பதை வைத்துத்தான் இரண்டாவது வாரம் எதில் அதிகம் உழைப்பது என்று தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது வாரத்தில் போனைச் சீரமையுங்கள். அழைப்பு, வங்கி, ஓடிபி வரும் மெசேஜ், கிளாஸ் குரூப் ஆகியவற்றைத் தவிர எல்லாச் செயலிகளின் அறிவிப்பையும் அணையுங்கள். கிளாஸ் குரூப்பையும் மியூட்டில் வைத்து மாலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் மட்டும் திறந்தால் போதும். திடீரென்று ஏதாவது மாறினால் அழைத்துச் சொல்லும்படி கிளாஸ் ரெப்பிடமோ ரூம்மேட்டிடமோ சொல்லிவையுங்கள். டூ நாட் டிஸ்டர்ப் போட்டால் அம்மா அழைத்தால் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். அதிலேயே நட்சத்திரக் குறியிட்ட எண்களை மட்டும் அனுமதிக்கும் வசதி இருக்கிறது. அம்மா, அப்பா, வார்டன் என்று மூன்று எண்கள் போதும்.

யூடியூபை அழிக்க முடியாது, பாடமும் அதில்தான் இருக்கிறது. அதன் செட்டிங்ஸில் பார்த்த வரலாற்றைச் சேமிப்பதை நிறுத்திவிட்டு, பழைய வரலாற்றையும் அழித்துவிடுங்கள். முகப்புப் பக்கத்தில் பரிந்துரைகள் வராமல் போகும். நீங்களாகத் தேடினால்தான் ஏதாவது வரும். ஆட்டோபிளேயையும் அணையுங்கள். திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் போதை தெளியும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். செய்து பாருங்கள், கெடுதல் இல்லை. ஆனால் நான் அதைப் பெரிதாக நம்புவதில்லை, இரண்டு வாரத்தில் கண் பழகிவிடும்.

செயலிகளுக்கு நேர வரம்பு வைப்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அந்த வரம்பு நள்ளிரவு 12 மணிக்குப் புதுப்பிக்கப்படும். இன்ஸ்டாகிராமுக்கு 40 நிமிடம் என்று வைத்து, 11 மணிக்கு அது முடிந்து, 12 மணிக்கு மறுபடி 40 நிமிடம் கிடைத்து, ஒன்றரை மணி வரை விழித்திருப்பது ஹாஸ்டல்களில் சர்வ சாதாரணம். தேர்ந்தெடுத்த செயலிகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ஃபோகஸ் மோடிலும் ‘பிரேக்’ எடுக்கும் பொத்தான் ஒன்று உண்டு. மனம் தளரும் நேரத்தில் எந்த மென்பொருளும் காவல் காக்காது, தூரம்தான் காக்கும். போன் மேசையில் இருந்தவர்களைவிட வேறு அறையில் வைத்தவர்கள் சிந்தனைச் சோதனைகளில் நன்றாகச் செய்ததாக 2017-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது. பிறகு அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே போன் பக்கத்தில் இருப்பதாலேயே மூளை மங்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எழுந்து பத்தடி நடந்தால்தான் எடுக்க முடியும் என்ற நிலையில், 140 தடவையில் பெரும்பகுதி தானாக விழுந்துவிடும். அதுவே போதும்.

நான்கு பேர் இருக்கும் அறையில் தூரம் எங்கே கிடைக்கும்? படிப்பதற்கு அறையை விட்டு லைப்ரரிக்கோ, மெஸ் ஹாலுக்கோ, காலியான வகுப்புக்கோ போங்கள். போனை அலமாரியில் பூட்டி, சாவியை ரூம்மேட்டிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். இது நடக்க வேண்டுமானால் போன் செய்யும் சின்னச் சின்ன வேலைகளுக்கு மாற்று வேண்டும். நேரம் பார்க்க ஒரு கைக்கடிகாரம். காலையில் எழுப்ப ஒரு அலாரம் கடிகாரம். கணக்குக்கு அறிவியல் கால்குலேட்டர். போன் கால்குலேட்டரைத் திறந்தவர் அதோடு மூடிவைப்பது அபூர்வம். நோட்ஸ் பிடிஎஃப் ஆக இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு யூனிட் மட்டும் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுங்கள். முழுப் பாடத்தையும் மொத்தமாக எடுத்தால் அந்தக் கட்டைப் பார்த்தாலே படிக்கத் தோன்றாது. இரவில் சார்ஜரைக் கட்டிலுக்கு எட்டாத பிளக் பாயின்ட்டில் மாட்டுங்கள். இரவு ஒன்றரைக்குத் தூங்கி காலை ஏழரைக்கு எழுந்து முதல் பீரியடில் உட்கார்ந்தால், கவனம் சிதறுவதற்குப் போனே தேவையில்லை.

அடுத்தது உட்காரும் பயிற்சி. உங்கள் செமஸ்டர் தேர்வு மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். அந்தக் கணக்குப்படி ஒரு 13 மார்க் கேள்விக்குக் கிடைப்பது ஏறக்குறைய 23 நிமிடம். இப்போது ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பழகிய மனதை 23 நிமிடத்துக்கு நீட்ட வேண்டும், பிறகு அதேபோல ஐந்து கேள்விக்கு நீட்ட வேண்டும். முதல் நாளே இரண்டு மணி நேரம் உட்காருவேன் என்று சபதம் எடுப்பவர்கள் மூன்றாம் நாள் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். இந்தப் பயிற்சியின் முதல் வாரம் ஒரு அமர்வு 15 நிமிடம், நாளுக்கு நான்கு. அடுத்த வாரம் 25 நிமிடம், அதாவது ஒரு 13 மார்க் கேள்வி. அதற்கடுத்த இரண்டு வாரம் 45 நிமிடம், இரண்டு கேள்வி. ஆறாவது வாரத்துக்குள் 90 நிமிடம் வந்தால் நல்ல வேகம். வராவிட்டால் அதே நிலையில் இன்னொரு வாரம் இருங்கள். இடைவெளி ஐந்து நிமிடம். தண்ணீர் குடிக்கலாம், வராண்டாவில் நடக்கலாம், ஜன்னல் பக்கம் நிற்கலாம். இடைவெளியில் போனை எடுத்தால் அந்த அமர்வுகள் அத்தனையும் வீண். ரீல்ஸ் பார்த்த பிறகு, ‘அடுத்து இதைச் செய்ய வேண்டும்’ என்று வைத்திருந்த எண்ணமே நழுவிவிடுகிறது. ரீல்ஸ் போன்ற குட்டி வீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவர்களிடம் இந்த மறதி கூடியதை ஜெர்மனியில் 2023-ல் பரிசோதித்தே காட்டியிருக்கிறார்கள்.

அமர்வில் என்ன செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். தீர்வைப் பார்த்துக்கொண்டே வாசிப்பது, யூடியூபில் இரண்டு மடங்கு வேகத்தில் ஒரு யூனிட்டையே ஓட்டுவது, இரண்டும் புரிந்த மாதிரி இருக்கும். தேர்வு அறையில் கை ஓடாது. ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்களும், ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்களும் ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவு வைத்திருக்கிறார்கள் என்று அமெரிக்காவில் சோதித்தார்கள். 2006-ல் வெளியான அந்த முடிவு: படித்தவர்களுக்கு 40 சதவீதம், எழுதியவர்களுக்கு 61 சதவீதம். ஆகவே ஒரு தெவனின் தேற்றக் கணக்கை (பெரிய மின்சுற்றை ஒரு வோல்டேஜ் சோர்ஸ், ஒரு ரெசிஸ்டர் என்று சுருக்கும் கணக்கு) ஒருமுறை பார்த்ததும் நோட்டை மூடுங்கள். லோடை எடுத்துவிட்டு ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ், பிறகு வோல்டேஜ் சோர்ஸை ஷார்ட் செய்து கரன்ட் சோர்ஸைத் திறந்து ரெசிஸ்டன்ஸ், கடைசியில் சம சுற்று என்று வெள்ளைத்தாளில் எழுதுங்கள். எங்கே நிற்கிறீர்களோ அங்கே மட்டும் நோட்டைத் திறக்கலாம். வீடியோ பார்த்தே ஆக வேண்டுமானால் எழுதி முடித்த பிறகு, நின்ற இடத்துக்கு மட்டும், ஒரே ஒரு வீடியோ.

இனி அந்த ‘புரியல’. நாளைய பாடம் எது என்று தெரிந்துகொண்டு, முந்தைய இரவு பத்தே நிமிடம் அதில் வரும் ஆங்கிலச் சொற்களை மட்டும் பட்டியலிடுங்கள்: நோட், பிராஞ்ச், சூப்பர்பொசிஷன், டிபென்டன்ட் சோர்ஸ் என்று எட்டுப் பத்துச் சொல் இருக்கும். பக்கத்தில் தமிழில் ஒரு வரி. இதற்கு உதவ ஒரு நல்ல வழி இருக்கிறது, ஏனோ அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பிளஸ் டூ இயற்பியல் முதல் தொகுதி தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. அதில் இரண்டாம் அலகு மின்னோட்டவியல், கிர்க்காஃப் விதிகள் எல்லாம் அதில்தான். தமிழில் நீங்கள் ஏற்கெனவே படித்ததை ஆங்கிலப் பதிப்போடு பக்கத்தில் வைத்து ஒரு வாரம் வாசியுங்கள். தெரிந்த விஷயத்தை வேறு மொழியில் பார்ப்பதால் பயம் வராது, சொல்லும் தங்கும். வகுப்பில் நூல் அறுந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, கரும்பலகையில் இருப்பதைப் புரியாவிட்டாலும் எழுதிக்கொண்டே போங்கள். கை எழுதிக்கொண்டிருக்கும்வரை போனுக்குப் போகாது. வகுப்பு முடிந்ததும் அந்தக் கேள்விக்குறிகளில் ஒன்றை மட்டும் ஆசிரியரிடமோ, நன்றாகப் படிக்கும் நண்பனிடமோ கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள்.

உட்காரும் இடத்தையும் மாற்றுங்கள். கனடாவில் 2013-ல் நடந்த ஆய்வு ஒன்றில், தாங்கள் எதுவும் செய்யாவிட்டாலும், வகுப்பில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களின் லேப்டாப் திரை கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்தவர்களின் மதிப்பெண் 17 சதவீதம் குறைந்தது. கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் முன்னால் இருக்கும் அத்தனை திரையும் தெரியும். இரண்டாவது வரிசைக்குப் போங்கள். நண்பர்கள் கிண்டல் செய்வார்கள், ஒரு வாரத்தில் அலுத்துவிடுவார்கள்.

எங்கே தடுக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று நான்கு நாள் எரிச்சல், கை துறுதுறுப்பு, அதிராத போன் அதிர்ந்த மாதிரி ஒரு பிரமை எல்லாம் வரும், தானாகத் தணியும். சனி, ஞாயிறில் கட்டுப்பாடு நழுவும், ஊருக்குப் போனால் இன்னும் மோசமாக நழுவும். இன்டர்னல் தேர்வு முடிந்த இரவு எட்டு மணி நேரம் ரீல்ஸ் ஓடும். அப்படி ஒரு நாள் போனால், ‘எல்லாம் போச்சு’ என்று நினைக்காமல் மறுநாள் 15 நிமிட அமர்விலிருந்து தொடங்குங்கள். 45-லிருந்து தொடங்க வேண்டாம். நண்பர்களோடு இரவில் பிஜிஎம்ஐ மொபைல் கேம் ஆடுபவராக இருந்தால் தனியாக விலகுவது கஷ்டம், ஏனென்றால் அணிக்கு நான்கு பேர் வேண்டும். 11 மணிக்கு மேல் ஆட்டம் கிடையாது என்று நான்கு பேரும் சேர்ந்து முடிவெடுத்தால்தான் நிற்கும்.

சில விஷயங்கள் இந்தப் பயிற்சிக்கு அடங்காது. இரவெல்லாம் தூக்கமில்லை, சாப்பாடு குறைந்துவிட்டது, போனை வாங்கினால் கையை ஓங்கும் அளவுக்குக் கோபம் வருகிறது, பணம் கட்டி ஆடும் விளையாட்டிலோ லோன் ஆப்பிலோ மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அரியரை நினைத்து வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றுகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கலுக்கென்றே 2014 முதல் ஒரு தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. போன் வருவதற்கு முன்பே, ஐந்தாம் ஆறாம் வகுப்பிலேயே உங்களால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கவனக்குறைவுக் கோளாறுக்கு வேறு சிகிச்சை உண்டு.

அம்மா சொல்லும் பட்டன் போனை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், முழு மாற்றாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாங்கிக்கொண்டு, மாலை 6 முதல் 9 வரை படிக்கும் நேரத்துக்கு அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வீட்டுக்கும் வார்டனுக்கும் மட்டும் கொடுங்கள். ஸ்மார்ட்போனை அடியோடு பிடுங்கினால் அடுத்தவன் போனில் கிளாஸ் குரூப்பைப் பார்க்கப் போய், அங்கேயே ரீல்ஸும் பார்ப்பீர்கள் என்று அம்மாவிடம் விளக்குங்கள். வாரம் ஒருமுறை அன்லாக் எண்ணிக்கையை அவருக்கு நீங்களே சொல்லுங்கள். அவர் போனை வாங்கிச் சோதிக்க ஆரம்பித்தால் நீங்கள் மறைக்க ஆரம்பிப்பீர்கள். ஆறு வாரத்தில் 140 என்பது 60-க்கு வந்தால் நல்ல முன்னேற்றம். ஸ்கிரீன் டைம் அதற்கு ஏற்ப உடனே குறையாவிட்டாலும் பரவாயில்லை.

இரண்டு அரியரில் மேட்ரிசஸை முதலில் எடுங்கள். சர்க்யூட்டில் படம் மாறினால் கணக்கே மாறிவிடும். மேட்ரிசஸின் முதல் யூனிட்டில் படிகள் மாறாது, எண்கள்தான் மாறும். குறுகிய அமர்வுகளுக்கு அதுதான் தோது. முதல் 15 நிமிடத்தில் ஒரு 3×3 மேட்ரிக்ஸுக்குக் கேரக்டரிஸ்டிக் ஈக்குவேஷன் மட்டும் எழுதி நிறுத்துங்கள், ஐகன் வேல்யூ இரண்டாவது அமர்வுக்கு. ஐகன் வெக்டரில் சைன் தப்புவது எல்லோருக்கும் நடப்பது, அதற்கு ஒரு முழு அமர்வு ஒதுக்குங்கள்.